தசை கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்ணை அழைத்துவரும் மகளோ தங்கையோ மருத்துவரிடம் வழக்கமாகச் சொல்வது இது: “வயிறு மட்டும் பெருத்துக்கிட்டே போகுது டாக்டர், கையும் காலும் குச்சியாயிடுச்சு.” நோயின் இரண்டு முகங்களையும் வீட்டில் இருப்பவர்கள் சரியாகவே பார்த்துவிடுகிறார்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்வதால் வயிறு பெருக்கிறது. தசை கரைவதால் கைகால் மெலிகிறது. முதலாவதை மருத்துவம் உடனே கையில் எடுக்கிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள், ஊசி வைத்து நீரை வடிக்கிறார்கள், கீமோ தொடங்குகிறார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இந்த வியாதியில அப்படித்தான் இருக்கும், நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்பதுதான்.

அந்தப் பதில் இனியும் போதாது. நோயாளியின் உடலில் எவ்வளவு தசை இருக்கிறது, அதன் தரம் எப்படி, சிகிச்சைக் காலத்தில் எவ்வளவு குறைந்தது என்பவை சினைப்பைப் புற்றுநோயின் முடிவை முன்கூட்டியே உணர்த்தும் குறிகளாக உலகின் பல மருத்துவமனைகளில் தெரியவந்திருக்கின்றன. அவற்றை அளக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளிக்கு ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே அந்தத் தகவல் இருக்கிறது. அதை யாரும் படித்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

2022ஆம் ஆண்டுக்கான குளோபோகான் என்னும் உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 3.24 லட்சம் பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 2.07 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 47 ஆயிரம், இறப்பு ஏறத்தாழ 33 ஆயிரம். நம் நாட்டுப் பெண்களிடையே மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இந்தப் புற்றுநோய் நிற்கிறது. வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோதல், அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கும் அறிகுறிகளை ‘கேஸ் ட்ரபிள்’ என்று மாத்திரை வாங்கிப் போட்டே பல மாதங்கள் கடத்திவிடுகிறோம். வருகிறவர்களில் பெரும்பான்மையோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வருகிறார்கள்.

மார்பகத்துக்கு மேமோகிராம் இருப்பதுபோல் இதற்கு ஒரு பரிசோதனை இல்லையா என்று பலரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் செய்து பல ஆண்டுகள் தொடர்ந்த மாபெரும் ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது. அந்தச் சோதனைகளால் இறப்பு குறையவில்லை. ஆக, நோய் முற்றிய பிறகு வரும் பெண்ணுக்கு இனி எதை மாற்ற முடியும் என்பதில்தான் நம் கவனம் நிலைக்க வேண்டும். அவருடைய வயதை மாற்ற முடியாது, மரபணுவை மாற்ற முடியாது, நோயின் நிலையையும் மாற்ற முடியாது. மாற்ற முயன்று பார்க்கக்கூடிய சிலவற்றில் ஒன்று தசை.

எடைக்கருவி ஏன் ஏமாற்றுகிறது?

புற்றுநோய்ப் பிரிவுகளில் ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் எடை பார்க்கிறார்கள். உடல் தேய்கிறதா, தேறுகிறதா என்பதற்கு அந்த ஓர் எண்தான் சாட்சி. நுரையீரல், இரைப்பைப் புற்றுநோய்களில் இந்தச் சாட்சியை ஓரளவு நம்பலாம். சினைப்பைப் புற்றுநோயில் நம்ப முடியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் எடை 60 கிலோ. வயிற்றில் ஆறு லிட்டர் நீர் கோத்திருக்கிறது. ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ. அவருடைய உடலின் எடை உண்மையில் 54 கிலோதான். ஆறு மாதத்துக்கு முன்பு அவர் 60 கிலோ இருந்திருந்தால் பத்து சதவீதத்தை இழந்திருக்கிறார். புற்றுநோயால் வரும் உடல் தேய்வை வரையறுக்க 2011இல் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு, ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே அது தேய்வு நிலை என்று வகுத்தது. இந்தப் பெண் அந்த எல்லையைப் போல் இரு மடங்கு தாண்டிவிட்டார். ஆனால், மருத்துவக் குறிப்பில் ‘எடையில் மாற்றமில்லை’ என்று பதிவாகும். நீர் இன்னும் கூடினால் ‘எடை ஏறியிருக்கிறது’ என்று வீட்டார் நிம்மதியும் அடைவார்கள்.

நீர் இல்லாவிட்டாலும் எடை முழு உண்மையைச் சொல்லாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டு எண்ணும் 22.3. உடலில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடல்கள். இந்தியர்கள் பலருக்குப் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதற்கு அந்தப் படம் நல்ல உதாரணம்.

மறுபக்கமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பத்துக்கு நான்கு பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பூசினாற்போன்ற உடம்பைப் பார்த்து, ‘இவங்களுக்குச் சத்துக் குறைவு இருக்காது’ என்று நினைப்பது இயல்பு. கொழுப்பின் அடியில் தசை கரைந்துகொண்டிருந்தால் அது கண்ணுக்கும் தெரியாது, எடைக்கருவிக்கும் தெரியாது. பருமனும் தசைக் குறைவும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது, வெறும் மெலிவைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான நிலை.

ஸ்கேனில் ஏற்கெனவே இருக்கும் பதில்

சினைப்பைப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்ததும் வயிற்றுக்கு சி.டி. எடுக்கிறார்கள். மூன்று சுற்று கீமோ முடிந்ததும், அறுவைசிகிச்சை செய்யலாமா என்று பார்க்க இன்னொன்று. சிகிச்சை முடிந்ததும் மற்றொன்று. அந்தப் படங்களில் கொப்பூழை ஒட்டிய மட்டத்தில், கீழ்முதுகின் மூன்றாவது முள்ளெலும்பு தெரியும் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொண்டால் போதும். முதுகுத் தசை, எலும்பை ஒட்டிய இடுப்புத் தசை, வயிற்றுச் சுவர்த் தசை எல்லாம் அந்த ஒரு படத்தில் விழும். அவற்றின் மொத்தப் பரப்பு, உடல் முழுவதும் உள்ள தசையின் அளவோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. அந்தப் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீட்டு எண் கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக, 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அந்தப் பரப்பு 85 சதுர செ.மீ. என்றால் எண் 36.8.

அளவோடு தரத்தையும் அதே படம் காட்டும். சி.டி. படத்தில் தண்ணீரின் அடர்த்தி பூஜ்யம். தசை, மைனஸ் 29 முதல் 150 வரையிலான எல்லைக்குள் வரும். கொழுப்பு அதற்கும் கீழே. தசை நார்களுக்கிடையே கொழுப்பு படிந்திருந்தால் தசையின் சராசரி அடர்த்தி இறங்கும், படத்தில் அது சற்றுக் கறுத்துத் தெரியும். பரப்பு குறையாமலே தசை வலுவிழந்திருப்பதற்கு அது அடையாளம். தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு, குடலைச் சுற்றி எவ்வளவு கொழுப்பு என்பதையும் தனித்தனியே கணக்கிடலாம். தொழில் தெரிந்தவர் கையால் வரைந்து அளக்கச் சில நிமிடங்கள் போதும். இப்போது இதைத் தானாகவே செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன, இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு.

இந்த அளவுகள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், அறுவைசிகிச்சைக்கு முன் கீமோ பெற்ற 123 பெண்களின் ஸ்கேன்களை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. கீமோ காலத்தில் தசையை இழந்த பெண்களைவிட, தசையைக் காத்துக்கொண்டவர்களும் கூட்டிக்கொண்டவர்களும் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். இரு குழுக்களின் இடைநிலை ஆயுளில் வித்தியாசம் ஓராண்டுக்கும் மேல். வியன்னாவில் 2015இல் வந்த ஆய்வு, தசையின் அடர்த்தி குறைந்திருந்த பெண்களுக்கு ஆயுள் குறைந்ததைக் காட்டியது. தைவானின் தைபேயில் அறுவைசிகிச்சையோடு கீமோவும் பெற்ற பெண்களிடமும் சிகிச்சைக் காலத் தசை இழப்பு மோசமான முடிவையே முன்னறிவித்தது.

இந்தச் சான்றுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். தசையின் அளவுக்கும் அடர்த்திக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தென்பட்டது, ஆனால் சான்றின் உறுதி மிகக் குறைவு என்றும் அவர்களே எழுதினார்கள். பெரும்பாலானவை பழைய ஸ்கேன்களைத் திரும்பிப் பார்த்த சிறிய ஆய்வுகள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் எல்லைக்கோட்டைப் பயன்படுத்தியது. முதல் ஸ்கேனில் உள்ள எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே தசை எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. நோயாளியின் தசையை ஒருமுறை அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது, தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

தசை ஏன் கரைகிறது?

சாப்பிடாததால் மட்டும் வரும் மெலிவு என்றால் சாப்பிட வைத்தால் சரியாகிவிடும். புற்றுநோயின் தேய்வு அப்படிப்பட்டதல்ல. கட்டியும், அதை எதிர்க்கும் உடலும் சேர்ந்து இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. சினைப்பைப் புற்றுநோயில் வயிற்றில் கோக்கும் நீரில் இந்தப் பொருள் மிக அதிகம். இவை தசைச் செல்லுக்குள் போய்ப் புரதத்தை உடைக்கும் வேலையை முடுக்கிவிடுகின்றன, புதிதாகக் கட்டும் வேலையை மந்தமாக்குகின்றன. ஜி.டி.எஃப்-15 என்னும் இன்னொரு பொருள் மூளையின் அடித்தண்டுக்குப் போய்ப் பசியை அடக்குகிறது. வீட்டில் பஞ்சம் என்று விதைநெல்லை எடுத்துப் பொங்குவதுபோல், நோயுற்ற உடல் தன் தசையையே உடைத்து அன்றாடத் தேவையைச் சமாளிக்கிறது.

இதோடு சினைப்பைப் புற்றுநோய்க்கே உரிய தொல்லைகளும் சேர்கின்றன. கோத்த நீர் இரைப்பையை அழுத்துவதால் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. நீரை வடித்தால் மூச்சு விடுவது இலகுவாகும், ஆனால் நீரோடு புரதமும் வெளியேறும். கட்டிகள் குடலை நெருக்கினால் வாந்தியும் மலச்சிக்கலும் வரும். பாக்லிடாக்சல் என்னும் கீமோ மருந்துக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு; அதுவும் தசையைத் தேய்க்கக்கூடியது. இவற்றுக்கெல்லாம் மேல் படுக்கை. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நோய் ஏதுமில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போயிருந்தது. நோயே இல்லாதவருக்கு இந்த இழப்பு என்றால் புற்றுநோயோடு படுத்திருப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

தசை என்பது எழுந்து நடக்க மட்டும் பயன்படுவதில்லை. சினைப்பைப் புற்றுநோய்க்கான அறுவைசிகிச்சை மிகப் பெரியது. கருப்பை, சினைப்பைகள், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, வயிற்று உட்சவ்வு, சில நேரம் குடலின் ஒரு பகுதி, மண்ணீரல் வரை அகற்ற வேண்டியிருக்கும். அந்தப் புண் ஆறத் தேவையான அமினோ அமிலங்களைத் தருவது தசை. அறுவைக்குப் பிறகு ஆழ மூச்சிழுத்து, இருமிச் சளியை வெளியேற்றுவதும் தசையின் வேலையே. அது முடியாதபோது நிமோனியா வருகிறது, தையல் பிரிகிறது, அடுத்த கீமோ தள்ளிப்போகிறது.

மருந்தின் அளவையும் தசை மாற்றும்

இந்த நோய்க்கு உலகெங்கும் முதலில் கொடுப்பது கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்னும் இரு மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொதுவாக ஆறு சுற்று. இதில் கார்போபிளாட்டினின் அளவை 1989இல் பிரிட்டிஷ் மருத்துவர் கால்வெர்ட்டின் குழு வகுத்த சூத்திரத்தால் முடிவுசெய்கிறார்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் வடிகட்டுகிறது என்னும் எண்ணோடு 25-ஐக் கூட்டி, 5 அல்லது 6 என்ற இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். வடிகட்டும் திறனை நேரடியாக அளப்பது அரிது. வயது, எடை, ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் வைத்து மதிப்பிடுகிறார்கள்.

இங்கேதான் தசை வந்து குறுக்கிடுகிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே சுரக்கும். ரத்தத்தில் அளவு குறைந்ததைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக வடிகட்டுகிறது என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன பெண்ணையே எடுத்துக்கொள்வோம். வயது 55, எடை 60 கிலோ, கிரியேட்டினின் 0.6. கணக்கில் வடிகட்டும் திறன் 100 என்று வரும். இலக்கு எண் 5 என்றால் மருந்து 625 மி.கி. கோத்த நீரின் ஆறு கிலோவைக் கழித்து, கிரியேட்டினின் 0.7-க்குக் கீழே போனாலும் 0.7 என்றே வைத்துக்கொள்ளும் எச்சரிக்கையையும் கடைப்பிடித்தால் திறன் 77, மருந்து சுமார் 510 மி.கி. ஒரே பெண், ஒரே நாள், நூறு மில்லி கிராமுக்கு மேல் வித்தியாசம். மருந்து கூடினால் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சரியும், காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு ஓட நேரும். இந்த ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல், கணக்கில் வடிகட்டும் திறனை 125-க்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நம் பெண்கள் பலரிடம் பிரச்சினை அந்த உச்சவரம்புக்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது.

மீட்க முடியுமா?

தசையைக் கூட்டினால் சினைப்பைப் புற்றுநோயில் ஆயுள் கூடும் என்று எந்தப் பெரிய சோதனையும் இதுவரை நிறுவவில்லை. ஆனால் தேய்வு தடுக்க முடியாத விதி என்னும் எண்ணத்தை உடைக்கும் சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று நமக்குப் பக்கத்திலிருந்தே வந்தது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், முற்றிய இரைப்பை, கல்லீரல்-கணையம்-பித்தப் பாதை, நுரையீரல் புற்றுநோய்கள் உள்ள 124 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கீமோ தொடங்கியதிலிருந்து 12 வாரம், ஒரு குழுவுக்குத் தினமும் ஓலான்சபைன் 2.5 மி.கி., இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் மலிவான மருந்து அது. முடிவில் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியது. வெற்று மாத்திரைக் குழுவில் 9 சதவீதத்தினருக்கு மட்டும். 2023இல் இந்த ஆய்வு வெளியான சூட்டோடு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டு நெறியைத் திருத்தி இந்த மருந்தைச் சேர்த்துக்கொண்டது. சினைப்பைப் புற்றுநோய் அந்த ஆய்வில் இல்லை. அதே கேள்வியை இந்தப் பெண்களிடமும் கேட்டு, எடையோடு ஸ்கேனில் தசையையும் அளந்து பதில் காணும் திறமை நம் மருத்துவர்களிடம் இருக்கிறது.

உடற்பயிற்சிக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சிகிச்சை முடித்த 144 சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் நடத்திய சோதனையில், தொலைபேசி வழி ஆலோசனையோடு வீட்டிலேயே ஆறு மாதம் நடைப்பயிற்சி செய்த பெண்களுக்கு அசதி குறைந்தது, உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2025இல் வந்தது. முறைப்படுத்திய உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 80 சதவீதம், மற்றக் குழுவில் 74 சதவீதம். ஒரு புதிய மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

உணவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 முதல் 75 கிராம். பசியில்லாமல் மூன்று வேளையும் கொஞ்சம் இட்லி, கொஞ்சம் ரசம் சோறு, மோர் என்று ஒப்பேற்றுபவருக்கு 30 கிராமே எட்டாது. இரண்டு முட்டையில் 12 கிராம், இரண்டு டம்ளர் பாலிலோ தயிரிலோ 12 கிராமுக்கு மேல், இரண்டு துண்டு மீனில் 15 முதல் 20 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம். எட்டக்கூடிய இலக்குதான். ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தால் அழுத்தம் உள்ள வயிறும் தாங்கும்.

பத்தியமும் படுக்கையும்

இங்கே நம் வீட்டுப் பழக்கங்களையும் பேசியாக வேண்டும். வயிற்றில் கத்தி வைத்த உடம்பு என்றால் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம், புண் சீழ் பிடிக்குமாம். புண் ஆறத் தேவையான பொருளையே அப்போது விலக்குகிறோம். பால் குடித்தால் கட்டி வளரும், சர்க்கரையைத் தொட்டால் புற்று பரவும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததை நம்பி, எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு உணவையும் பிடுங்கிக்கொள்கிறோம். ரத்தம் ஊறட்டும் என்று பீட்ரூட் சாறும் மாதுளைச் சாறும் கொடுத்து வயிற்றை நிரப்புகிறோம். அவற்றில் புரதம் மிகக் குறைவு. ஆட்டுக்கால் சூப்பில் நாம் நினைக்கும் அளவு இல்லை.

அன்பின் பெயரால் செய்யும் இன்னொரு தவறு, அசையவிடாமல் படுக்க வைப்பது. “நீ எழுந்திரிக்காதம்மா, தண்ணி நான் கொண்டுவர்றேன்” என்று மகள் சொல்வதில் பாசம் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாய் எழுந்து போய்த் தண்ணீர் எடுப்பதுதான் அவருடைய தொடைத் தசைக்கு அன்று கிடைக்கும் ஒரே வேலையாக இருக்கலாம். மருத்துவர் தடுக்காதவரை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, வீட்டுக்குள் நடப்பது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவை சிகிச்சையின் பகுதிகள். வாழ்நாளெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக மிச்சத்தைச் சாப்பிட்ட பெண், நோயுற்ற பிறகாவது முதல் தட்டில் முட்டையோடு உட்கார வேண்டும்.

காசநோயில் செய்ததை இங்கும் செய்யலாம்

உடலின் தேய்வை அளந்து உயிரைக் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அதைத்தான் செய்தது. காசநோய் உறுதியான அன்றே நோயாளியின் உடல் நிறை குறியீட்டு எண், காலில் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைச் சாதாரண சுகாதாரப் பணியாளரே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் முறை அது. மத்திய அரசு காசநோயாளிகளின் உணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. சத்துணவு மருந்துக்கு நிகரான சிகிச்சை என்று காசநோயில் ஏற்றுக்கொண்ட அரசு, புற்றுநோயில் அதை மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சினைப்பைப் புற்றுநோய் உறுதியான முதல் நாளே மூன்று எளிய அளவுகளை எடுக்க வேண்டும். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்தபடி, பெண்ணின் கெண்டைக்கால் சுற்றளவு 33 செ.மீ.க்குக் குறைவா, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதா, கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் கீழா என்று பார்த்தால் போதும். முதலிரண்டுக்கும் இஞ்ச் டேப்பும் கடிகாரமும்தான் தேவை. அடுத்து, இந்த நோய்க்கான ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும் தசையின் பரப்பு, அடர்த்தி, முந்தைய ஸ்கேனோடு ஒப்பீடு என்று ஒரு வரி சேர வேண்டும்.

நம் பெண்களுக்கான எல்லைக்கோடுகளும் நமக்கு வேண்டும். தசைக் குறியீட்டு எண்ணுக்குப் பல ஆய்வுகள் பின்பற்றும் 38.5 என்னும் எல்லை, கனடாவின் ஆல்பெர்ட்டாவில் உடல் பருமனுள்ள புற்றுநோயாளிகளிடம் 2008இல் வகுத்தது. அதை விழுப்புரத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை. சிறுநீரக தானம் செய்யும் ஆரோக்கியமானவர்களுக்கு நம் மருத்துவமனைகளில் எடுத்த வயிற்று சி.டி. படங்கள் இருக்கின்றன. அந்தரங்கத்தைக் காத்து அவற்றை அளந்தாலே நம் மண்ணின் இயல்பு அளவு கிடைத்துவிடும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைசிகிச்சைக்கும் கீமோவுக்கும் பணம் கொடுக்கிறது. அதே தொகுப்பில் உணவியல் நிபுணரின் ஆலோசனை, இயன்முறைப் பயிற்சி, புரத உணவுக்கான உதவி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அறுவைக்கு முந்தைய மூன்று சுற்று கீமோ ஏறத்தாழ ஒன்பது வாரம் நடக்கிறது. தசை மிக வேகமாகக் கரையும் காலமும் அதுதான், அதைக் காக்கக் கிடைக்கும் வாய்ப்பும் அதுதான். அந்த ஒன்பது வாரத்தில் நோயாளி பெரும்பாலும் வீட்டில் இருக்கிறார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடுதேடிப் போகிறார்கள். அவர்களுடைய பட்டியலில் இந்தப் பெண்களின் பெயரையும் சேர்ப்பதற்குத் தேவை ஓர் அரசாணை மட்டுமே.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு பெண் இந்தச் சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வயிற்று நீரைக் கழித்தால் இவருடைய எடை எவ்வளவு? போன ஸ்கேனுக்கும் இந்த ஸ்கேனுக்கும் இடையே தசை குறைந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் கொடுக்கட்டும்? என்னென்ன பயிற்சி செய்யலாம்? கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது மருத்துவத்தின் கடமை.